நாளை என்ன சமையல்?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை நாலடியார் பற்றிப் பேச அழைத்தனர். நான் சமையல் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அவர்கள் சற்றுத் தயங்கியே இசைந்தனர். ஆயினும் நாலடியாரை நான் முற்றும் கைவிடவில்லை, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நானூறு பாடல்கள் கொண்ட அந்நூலின் முதல் அதிகாரம் செல்வம் நிலையாமை. அதன் முதற்பாடலிலேயே ஓர் உணவுக் காட்சி வருகிறது. மனைவி அன்போடு அமர்ந்து அறுசுவை உணவை ஊட்டுகிறாள். கணவனோ ஒவ்வொரு சுவையிலும் ஒரு கவளத்துக்குமேல் வேண்டாமென விலக்கும் அளவுக்குச் செல்வத்தில் திளைக்கிறான். அத்தகையோனும் வறியவனாகிக் கூழுக்கு இரக்கும் நாள் வரலாம் என்பது முனிவர் உணர்த்தும் பொருள். இப்பாடலை நான் வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினேன். செல்வத்தைப் பற்றிப் பேசினேன். நிலையாமையைப் பற்றிப் பேசினேன். அந்த அறுசுவையில் இன்று எதைச் சமைப்பது, நாளை எதைச் சமைப்பது என்று அந்த இல்லாள் எப்போது எண்ணினாள், யாரைக் கேட்டாள் என ஒருநாளும் நான் எண்ணியதில்லை. என் இல்லத்திலும் எண்ணியதில்லை. "இன்றும் கோவைக்காயா?" என்று மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்காகச் சென்னையில் மகன் வீட்டில் தங்கினோம். மகனும் மருமகளும் அலுவலகம் செல்பவர்கள். இருவரும் வீடு திரும்பப் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரமாகிவிடும். ஓய்வு பெற்றவன் நான் ஒருவனே. ஆகவே, அறுபது வயதைக் கடந்தபின் அடுப்பங்கரைக்குள் சென்றேன். துணைவியார் கட்டிலில் இருந்தபடியே, "கடுகு பொரிந்துவிட்டது, அடுப்பைத் தணியுங்கள்" என்பார். ஓசையைக் கேட்டே சொல்லும் அந்தத் தேர்ச்சி எனக்கு வியப்பாக இருந்தது. சமைப்பதை ஒருவாறு கற்றுக்கொண்டேன். என்ன சமைப்பது என்று முடிவு செய்வதுதான் எனக்குக் கைவரவில்லை.

அந்நாட்களில் இரண்டு சொற்கள் என் உள்ளத்தில் தைத்தன.

ஒன்று, நான்காம் வகுப்புப் படித்த என் பேத்தி எழுதியது. 'எங்கள் வீட்டு உணவு' என்று ஐந்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஏட்டை வாங்கிப் பார்த்தேன். "எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லை. பூண்டு இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. தேன் இல்லை. இருட்டினால் சாப்பாடு இல்லை" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஐந்து வரியும் உண்மை. ஆனால் ஐந்தும் 'இல்லை' என்றே முடிந்தன. கொல்லாமை என்னும் பேரறம் அக்குழந்தையிடம் ஒரு மறுப்புப் பட்டியலாக மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கு அவளைக் குறை கூற இயலுமா? 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த நாங்கள், 'இது இருக்கிறது, இதை உண்' என்று மனம் மகிழ எடுத்து வைக்கத் தவறியிருந்தோம்.

மற்றொன்று, என் மருமகள் சொன்னது. இரவு உண்ணாமையை வீட்டில் பெரியவர்கள் மட்டும் கடைப்பிடிக்கிறோமே என்று ஒருநாள் சற்று வருத்தத்துடன் கூறினேன். அவர் பொறுமையாகவே விடை சொன்னார்: "மாமா, விரதம் எனக்குப் பாரமில்லை. மத்தியானம் மூணு மணிக்கு ஆபீஸ்ல உக்காந்து, இன்னிக்குச் சாயங்காலம் வீட்டில என்னன்னு நான் ஒருத்தியே யோசிக்கிறேன் பாருங்க, அதுதான் பாரம்."

அவையோரே, இவ்விரண்டு சொற்களையும் நான் ஒன்றாகவே காண்கிறேன். இரவு உண்ணாமை நம் தமிழ்ச் சமணரின் அடையாளம். விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியலாகாது என்னும் அருளே அதன் வேர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் பிற சமயத்து அண்டை வீட்டாரும் இதனை அறிவார்கள். ஆனால் இந்த நோன்பை ஒரு வீடே காத்ததாக நாம் கூறிக்கொண்டாலும், நாள்தோறும் பொழுது சாய்வதற்குள் உலையேற்றி இறக்கிய ஒருத்தியின் தோள்மீதே அது நின்றிருந்தது. அவ்வொருத்தி வீட்டிலேயே இருந்தவரை நோன்பும் இருந்தது. இன்று அவளும் பணிக்குச் செல்கிறாள். இனி நோன்பு நிலைக்க வேண்டுமாயின் அதனைப் பற்றிய சிந்தனையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 'நாளை என்ன சமையல்' என்பது சிறு கேள்விபோல் தோன்றும். நம் ஒழுக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் செல்லாததும் அதில் அடங்கியுள்ளது.

எனவே ஞாயிறுதோறும் பிற்பகலில் அரை மணி நேரம் வீட்டார் அனைவரும் ஒரு தாளுடன் அமர்வது என்று முடிவு செய்தோம். அதில் நாங்கள் கண்டவற்றையே இங்குக் கூறுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே ஏழு நாளுக்கும் ஏழு புதிய உணவுகளை எழுதினேன். புதன்கிழமைக்குள் திட்டம் சிதைந்தது. எதிர்வீட்டு மார்வாடி அம்மையாரிடம் கேட்டு நான் செய்த கட்டா, கல்லைப்போல் இறுகிவிட்டது. பேத்தி அதை மேசையில் தட்டி ஓசை எழுப்பிக் காட்டினாள். அன்று தெளிந்தேன்: வாரத்துக்குப் புதியது ஒன்றே போதும். ஆண்டுக்கு 52 வாரங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வீட்டாருக்குப் பிடித்தால்கூடப் பதினேழு புதிய உணவுகள் நமக்குச் சொந்தமாகும். ஒரு குடும்பத்துக்கு அது பெருஞ்செல்வம்.

அடுத்து, உணவைத் தீர்மானிக்குமுன் பொழுதைத் தீர்மானிக்க வேண்டும். சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவில் கதிரவன் மறைகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவில் மறைகிறான். ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு. மறைவுக்கு இரண்டு நாழிகை முன்னரே, அதாவது 48 நிமிடம் முன்னரே முடிக்க வேண்டும் என்று கொள்வோருக்குக் கார்த்திகையில் ஐந்து மணிக்குள் உணவு முடிய வேண்டும். ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியது, எந்த நாளில் யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதே. அதன் பக்கத்தில் அட்டமி, சதுர்த்தசி நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் வீட்டில் ஆளில்லாத நாட்களுக்கு, காலையிலேயே செய்து எடுத்துச் செல்லத்தக்க உணவை ஒதுக்கினோம். என் மருமகள் இப்போது இரண்டு டப்பா கொண்டு செல்கிறார்; இரண்டாவதை அலுவலகத்திலேயே பொழுதிருக்க உண்கிறார். மகனுக்கும் அவ்வாறே. இவ்வொரு மாற்றத்தால் வாரத்தில் நான்கு நாட்கள் அவ்விருவரும் இரவு உண்பதை நிறுத்தினர். நான் அறிவுரை கூறி நிகழாதது, ஒரு டப்பாவால் நிகழ்ந்தது.

மூன்றாவதாக, ஒவ்வொரு நாளுக்கும் உணவின் பெயரை எழுதாமல் உணவின் வகையை எழுதினோம். திங்கள் பருப்பு சேர்ந்த குழம்பு, செவ்வாய் புளிக்குழம்பு, புதன் மோர், வியாழன் சிறுதானியம், வெள்ளி கலந்த சாதம், சனி பிற மாநிலத்தார் உணவு, ஞாயிறு பெரியவர்களைக் கேட்டறிந்தது. உலகத்து உணவுகளிலிருந்தெல்லாம் ஒன்றைத் தேடுவது கடினம்; சாமை, வரகு, தினை, கேழ்வரகு என்ற நான்கிலிருந்து ஒன்றைத் தேர்வது எளிது. கலந்த சாதம் என்றால் எலுமிச்சை, மாங்காய், தேங்காய், எள், புளி என வாரம் ஒன்றாக மாறும். அவற்றுள் புளி சாதம் கெடாமல் மாலைவரை இருப்பதால் இரண்டாம் டப்பாவுக்கும் பொருந்தும். மோர் நாளில், பருப்பையும் தயிரையும் சேர்க்காத இல்லத்தார், ஊறவைத்த துவரம்பருப்பை விட்டுத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் மட்டும் அரைத்து மோர்க்குழம்பு வைக்கலாம். மாலைக்கு அடை, அரிசி உப்புமா, அவல், இடியாப்பம், உப்புக் கொழுக்கட்டை ஆகியவை உள்ளன. அடைக்கு மாவு புளிக்க வேண்டியதில்லை. காலையில் ஊறவைத்து மாலையில் அரைத்து உடனே வார்க்கலாம். ஆகவே புளித்த மாவை விலக்கும் நாட்களுக்கும் அது ஏற்றது.

இனி, புதிய உணவை எங்கே தேடுவது?

தெரிந்த உணவுக்குள்ளேயே தேடலாம். ஓர் உணவில் காய், அரைப்பு, புளிப்பு, செய்முறை என நான்கு உறுப்புகள் உள்ளன. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதிய உணவு கிடைக்கும். பருப்பு உசிலியைக் கொத்தவரையில் மட்டுமே செய்து வந்தோம். அவரை, கோவைக்காய், காராமணிக்காய், வாழைப்பூ என்று மாற்ற, ஒன்று ஐந்தாயிற்று. புளிக்குப் பதில் மாங்காய், எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் என்று மாற்றினால் அதே பருப்பு வேறு சுவை தரும். அளவை மாற்றினாலும் சுவை மாறும். நம் கணிமேதாவியார் இயற்றிய ஏலாதிக்கு அப்பெயர் வந்த காரணத்தை நினைத்துப் பாருங்கள். ஏலம் முதலிய ஆறு பொருள்களை ஒன்று முதல் ஆறுவரை ஏறும் பங்கில் கூட்டிய மருந்து அது. பொருள்கள் மட்டுமன்றி அவற்றின் பங்கும் சேர்ந்தே அதை மருந்தாக்குகிறது. நம் வீட்டுக் குழம்புப் பொடியில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிப் பாருங்கள். பழைய குழம்பே புதிதாகத் தோன்றும்.

சந்தையிலும் தேடலாம். கடைக்குச் செல்லுமுன் காயை முடிவு செய்யாமல், அம்மாதத்தில் மலிந்து கிடப்பதைக் கண்டு முடிவு செய்ய வேண்டும். கோடையில் மாங்காயும் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் குவியும். தை மாதத்தில் மொச்சையும் அவரையும் பரங்கியும் குவியும். கிழங்கை விலக்கிய நமக்குக் காய்க்குப் பஞ்சமா என்று நானும் பேத்தியும் ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். புடலை, பீர்க்கு, சுரை, பாகல், கோவை, வெண்டை, கொத்தவரை, முருங்கை, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு என்று தொடங்கி இருபதைக் கடந்தோம். அவள் விரல் போதாமல் என் விரலையும் எடுத்துக்கொண்டாள்.

பிற மாநிலத்துச் சைனர்களிடமும் தேடலாம். அவர்களும் கிழங்கின்றியே சமைக்கிறார்கள். மும்பைக் கடைகளில் ஜெயின் பாவ் பாஜி என விற்பது பெரும்பாலும் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காயை வேகவைத்து மசித்ததே. அதை நாங்கள் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளச் செய்தோம். பேத்திக்கு அது சனிக்கிழமையின் திருவிழா. வறண்ட இராசத்தானத்தில் பசுங்காய் அரிது. ஆதலால் கடலைமாவு உருளைகளையும் அப்பளத்தையுமே குழம்பிலிட்டுப் பசியாறினர். அந்தக் கட்டா நம் பருப்புருண்டைக் குழம்புக்கு உடன்பிறப்பு. என் கை அதற்கு ஒத்துவரவில்லை என்பது வேறு செய்தி. திகம்பர மரபில் பால், தயிர், நெய், எண்ணெய், உப்பு, இனிப்பு என்னும் ஆறு இரசங்களில் ஒன்றை ஒரு நாளுக்கு விடுவது தவமாகக் கொள்ளப்படுகிறது. எண்ணெயின்றிச் சமைக்க முயன்ற நாளில்தான் ஆவியில் வேகும் உணவுகள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றினும் மேலாக, பெரியவர்களிடம் தேட வேண்டும். எங்கள் பகுதியில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மண்ணுள் விளைந்தாலும் அது வித்தே, கிழங்கன்று. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நிலங்களில் அது நிறைய விளைகிறது. என் துணைவியாரின் அத்தையிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய மல்லாட்டைக் குழம்பை இங்கே சொல்கிறேன். அவர் "கையளவு, கண்ணளவு" என்றே கூறினார். நாங்கள் செய்து பார்த்து அளவிட்டோம்.

நால்வருக்கு ஒரு டம்ளர் மல்லாட்டையை நான்கு மணி நேரம் ஊறவைத்து, உப்பிட்டுக் குக்கரில் நான்கு விசில் வரும்வரை வேகவைக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி கடலைப்பருப்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, ஆறு மிளகாய் வற்றல் ஆகியவற்றை வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலும் வெந்த மல்லாட்டையில் ஒரு கைப்பிடியும் சேர்த்து அரைக்க வேண்டும். எலுமிச்சையளவு புளியைக் கரைத்து, மஞ்சள்தூளிட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்தபின் அரைப்பையும் மல்லாட்டையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட வேண்டும். அரைத்த அந்த ஒரு கைப்பிடி மல்லாட்டையே குழம்புக்குத் திண்மை தருகிறது. வெங்காயம் இல்லாத குழம்பு நீர்த்துப்போகும் என்போருக்கு அத்தையார் தந்த விடை அது.

இங்கே ஒரு வருத்தத்தையும் கூற வேண்டும். என் தாயார் மழைக்காலத்தில் பரங்கிப்பிஞ்சும் பச்சை மல்லாட்டையும் இட்டு ஒரு கூட்டுச் செய்வார். அதன் மணம் இன்றும் நினைவில் உள்ளது. மூன்று முறை முயன்றேன், அச்சுவை வரவில்லை. எதையோ வறுத்துப் பொடித்துத் தூவுவார். எதை என்று எனக்குத் தெரியாது. நான் தமிழ் படித்தவன். பழைய பாடல்களின் பாட வேறுபாடுகளை ஆராய்ந்தவன். என் தாயின் கைப்பக்குவத்தை ஒருமுறையும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவர் இருந்தவரை அது கேட்க வேண்டிய செய்தியென எனக்குத் தோன்றவில்லை. ஏடுகள் அழிந்ததற்கு வருந்தும் நம் சமூகம், அடுப்பங்கரையில் அழிந்துகொண்டிருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இவ்வவையின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, ஆடவர்களுக்கு. சமைக்கத் தெரியாவிட்டாலும் ஞாயிறன்று அந்த அரை மணி நேரம் தாளுடன் அமருங்கள். "உன் விருப்பம்போல் செய்" என்று கூறி எழுந்துவிடாதீர்கள். அது விட்டுக்கொடுத்தல் போலத் தோன்றினாலும், பாரத்தை முழுதும் அவர்மேல் வைப்பதே ஆகும். காய் வாங்குவது, ஊறவைப்பது, மாலை நான்கு மணிக்கு அரைப்பது ஆகியவற்றில் ஒன்றையேனும் உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, அனைவருக்கும். வீட்டிலுள்ள மூத்தவரிடம் இம்மாதமே ஓர் உணவைக் கேட்டு, அளவோடும், அது எந்த மாதத்துக்கு உரியது, பர்வ நாளுக்கு ஆகுமா என்னும் குறிப்போடும் எழுதி நம் அறக்கட்டளையிடம் தாருங்கள். வீட்டுக்கு ஒன்று வந்தாலும் அடுத்த விழா மலருக்குள் ஓராண்டுக்குப் போதுமான உணவுகள் நம் கையில் இருக்கும். புதிதாக மணமாகி வரும் பெண்ணுக்கும், அயலூரில் தனித்துத் தங்கிப் பணிபுரியும் இளைஞனுக்கும் அது துணையாகும்.

இப்போது என் துணைவியார் நலமாக நடக்கிறார். ஊருக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைத் தாள் மட்டும் மகன் வீட்டில் தொடர்கிறது. பேத்தி அதில் தானாகவே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறாள். ஒவ்வொரு புதிய உணவுக்கும் எதிரே 'மீண்டும்' அல்லது 'போதும்' என்று அவள் எழுதுவாள். மல்லாட்டைக் குழம்புக்கு எதிரே 'மீண்டும்' என்று இருக்கிறது. தாத்தாவின் கட்டாவுக்கு எதிரே என்ன இருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

கதிரவன் மறைய இன்னும் நேரம் இருக்கிறது. பந்தியில் உணவு ஆயத்தமாக உள்ளது என்றார்கள். உங்களை மேலும் காத்திருக்க வைப்பது அறமன்று.